திகதிக்கு விட்ட இடம்

1

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர்கள் ஒரு சிறப்பு மலர் போடப் போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஒருவன் எழுதினால் எடுபடும் என்று என்னைப் பிடித்திருக்கிறார்கள். தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்: ‘உள்ளூராட்சியில் இளைஞர்களின் பங்கு’. இரண்டு பக்கம். ஊக்கப்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டுமாம். கோட் போட்ட படம் ஒன்றும் வேண்டுமாம்.

என்னிடம் கோட் இல்லை. பஸ் கம்பனி தந்த நீல ஜக்கெட்தான் இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தில் நான் பஸ் ஓட்டுகிறேன். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. வேலை இரண்டு துண்டாக வரும். காலையில் ஒரு துண்டு, பின்னேரம் ஒரு துண்டு. நடுவில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைக்கும் சாரதிகளின் கன்ரீனில் குந்தியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருக்கும். ஊரோடு கதைப்பதென்றால் அந்த நேரம்தான் எனக்கு வாய்த்தது. இதையும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

தலைப்புக் கிடைத்த அன்றே தொடங்கினேன். ‘இளைஞர்கள் ஒரு நாட்டின் முதுகெலும்பு’ என்று எழுதினேன். அந்த முதுகெலும்பை இதுவரைக்கும் எத்தனை மலரில் போட்டு வளைத்திருப்பார்களோ தெரியாது. இரண்டாவது வரி வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் சஹ்லாவின் விடயம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

சஹ்லா என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகள், எனக்கு மருமகள் முறை. இருபத்தைந்து வயது. எங்கள் ஊர்ப் பிரதேச சபையில் ஏழு மாதம் உறுப்பினராக இருந்தாள். ஏன் ஏழு மாதம் மட்டும் இருந்தாள் என்பதுதான் நான் எழுத வேண்டியது. அதை எழுதினால் இரண்டு பக்கத்துக்குள் நிற்காது. ஊக்கப்படுத்துகிற மாதிரியும் இராது. மலர்க் குழு மன்னிக்கட்டும்.

2

முதலில் என் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சம்பவம்.

போன மாதம் இங்குள்ள நகரசபையிலிருந்து என் மூத்த மகள் மின்ஹாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. இங்கே பதினாறு வயதிலேயே நகரசபைத் தேர்தலுக்கு வாக்குப் போடலாம். அதற்குப் பெயர் பதியச் சொல்லி வந்த படிவம். உறையை நான்தான் கிழித்தேன். வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் வாப்பாவுக்கு வருகிற கடிதம் என்றே நான் வளர்ந்தவன்.

“வாப்பா, இது மை லெட்டர். ஏன் ஓப்பன் பண்ணின?” என்றாள். அவளுடைய தமிழ் இப்போது இந்த அளவில் நிற்கிறது. போன வருடம் இதைவிடக் கொஞ்சம் கூடவாக இருந்தது.

படிவத்தின் ஒரு பக்கம் வெல்ஷ் மொழி, மறுபக்கம் ஆங்கிலம். அவள் வெல்ஷ் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். எனக்கு விளங்காது என்று தெரிந்துதான் வாசித்தாள். சின்ன வயதில் அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் என் வாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல யாராவது வருவார்களா என்று வாசல் படலையடியில் நிற்பார். நானும் அன்றைக்கு என் சமையலறையில் அப்படித்தான் நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை.

“கீழ கையெழுத்தப் போடு. திகதிய விடு. மத்ததெல்லாம் வாப்பா நிரப்புறன்” என்றேன்.

பேனையை எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “ஒண்டும் எழுதாமக் கெடக்கிற பேப்பர்ல நான் ஏன் ஸைன் பண்ணணும் வாப்பா?”

பிறகு மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாக அவளே நிரப்பினாள். பெயர், விலாசம், பிறந்த நாள். கடைசியில் கையொப்பம் போட்டு, சுவரில் இருந்த கலண்டரை ஒருக்கால் பார்த்துவிட்டுத் திகதியையும் போட்டாள். உறையை ஒட்டிக்கொண்டு தானே தெருமுனைத் தபாற்பெட்டிக்கு நடந்து போனாள். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று நாங்கள் நான்கு பேர் கூடினால் புலம்புவோம். மின்ஹா அன்று எனக்குத் தெரியாத ஒரு பக்கத்துக்குப் போனது உண்மைதான். அவள் சரியான பக்கத்துக்குத்தான் போனாள் என்பது ஒரு வாரம் கழித்து எனக்கு உறைத்தது. ஏன் உறைத்தது என்று சொல்வதற்கு இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

3

சுனாமியில் கடல் வந்ததற்கு அடுத்த வருடம் எனக்கு இருபத்தொரு வயது. கல்முனைப் பட்டினத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். ஒரு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஆட்கள் இருக்க இரண்டு கதிரை. அந்த வருடம் முழுக்கச் சனம் கடிதம் அடிக்க வந்தது. காரைதீவிலிருந்து வந்தார்கள், மருதமுனையிலிருந்து வந்தார்கள், பாண்டிருப்பிலிருந்து வந்தார்கள். வீடு போயிற்று, தோணி போயிற்று, அடையாள அட்டை போயிற்று, ஆள் போயிற்று. எல்லோருக்கும் என்னிடம் ஒரே அச்சுத்தான் இருந்தது. ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கி, ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடியும். நடுவில் பெயர்களை மாற்றுவேன்.

முதல் மாதம் அடிக்கிறபோது எனக்கு அழுகை வந்தது. மூன்றாம் மாதம் வரவில்லை. அதற்குப் பிறகு அது எனக்குச் சரியாக வந்ததேயில்லை. வாப்பா மவுத்தான செய்தி வந்த அன்றும் நான் பின்னேரத் துண்டு பஸ்ஸை ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆனால் கந்தோர்ப் பாசை எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. என் கடிதம் திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டுத்தான் ஹாஜியார் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் ஹாஜியார்மார் நிறையப் பேர் இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். அரிசி ஆலை வைத்திருந்தவர். தேர்தல் வந்தால் ஊருக்கென்று ஒரு சுயேச்சைக் குழுவை அவர்தான் இறக்குவார்.

வேட்பாளர் பட்டியலில் இத்தனை பேர் இளைஞர்களாக இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. ஹாஜியார் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“தம்பி, நீயும் லிஸ்ட்ல ஒரு பேருக்கு இரி. வெல்லுறதுக்கில்ல, கணக்குக்கு.”

எனக்குச் சந்தோசம். அதுவரைக்கும் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. உடனே ஓம் என்றேன்.

“மறுகா இன்னொரு வேல” என்றார். “வெல்லுற ஆக்கள் வருசத்துக்கு ஒருத்தரா மாறணும். ஊர்ல எல்லாப் பக்கத்துக்கும் பங்கு போகணும் தானே. பதவிய விடுறன் எண்டு ஒரு கடிதம் அடி. எல்லாரிட்டயும் இப்பவே கையெழுத்து வாங்கி வெச்சிரணும். திகதிய மட்டும் வெறுமனே விடு. தேவப்படக்குள்ள நான் போட்டுக்குவன்.”

அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஒரே ஆள் நாலு வருடமும் குந்தியிருக்காமல் முறைவைத்து மாறுவது நல்லதுதானே என்று நினைத்தேன். பக்கத்து ஊர்களிலும் செய்கிறார்கள் என்றார்கள். உட்கார்ந்து அடித்தேன்:

‘எனது சொந்த விருப்பத்தின் பேரிலும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், நான் வகிக்கும் உறுப்பினர் பதவியை இத்திகதியிலிருந்து இராஜினாமாச் செய்கிறேன்.’

ஹாஜியார் இரண்டு தரம் வாசித்தார். போதும் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இதில ஒரு ஓட்ட இரிக்கி ஹாஜியார்” என்றேன். “கையெழுத்து வெச்ச ஆள் பொறகு மனம் மாறி, இது என்ட விருப்பமில்ல எண்டு இன்னொரு கடிதம் எழுதினா?”

அவர் அதை யோசித்திருக்கவில்லை. “அதுக்கு என்ன செய்யலாம்?” என்று என்னைக் கேட்டார். ஆலைக்காரர், இருபத்தொரு வயதுப் பொடியனைக் கேட்கிறார். நான் திரும்பி உட்கார்ந்து இன்னொரு வசனத்தை அடித்தேன்:

‘இதன் பின்னர் இவ்விடயம் தொடர்பாக என்னால் அனுப்பப்படக்கூடிய எந்தவொரு கடிதத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அந்த வசனம் முழுக்க முழுக்க என்னுடையது. யாரும் கேட்கவில்லை. ஹாஜியார் என் தோளில் தட்டி, “நீ இரிக்க வேண்டிய எடம் இதில்ல தம்பி” என்றார். அந்தத் தட்டு ஒரு மாதத்துக்கு எனக்குத் தோளிலேயே இருந்தது.

மாதிரிக்கு நான்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். தேர்தலில் நான் வெல்லவில்லை, அதற்காக என்னைப் போடவும் இல்லை. அந்தக் கடிதம் ஹாஜியாரின் கோப்பில் இன்னும் எங்கேயாவது கிடக்கும். ஒருநாளும் வகிக்காத ஒரு பதவியிலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் நான் விலகியிருக்கிறேன். இரண்டு வருடத்தில் மாணவர் விசா கிடைத்து இங்கே வந்துவிட்டேன்.

4

இந்தத் தரம் தேர்தல் வந்தபோது பட்டியலுக்கு இளைஞர்களும் வேண்டும், பெண்களும் வேண்டும் என்று ஆயிற்று. இரண்டுக்கும் ஒரே ஆள் கிடைத்தால் நல்லதுதானே. ஹாஜியாருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பொல்லை ஊன்றிக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்கே போயிருக்கிறார். சஹ்லா ஒலுவில் கம்பஸில் படித்து முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கன்ரீனில் இருக்கும்போது அவளுடைய அழைப்பு வந்தது.

“மாமா, ஹாஜியாரு வந்தாரு. என்ன லிஸ்ட்ல போடவாம். எனக்கு விருப்பம்.”

“ராத்தா என்ன சொல்றா?”

“உம்மா ஏசுறா. பொம்புளப்புள்ள மதில்ல போஸ்டராத் தொங்கவா எண்டு கேக்கா. நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பா.”

சொன்னேன். ராத்தாவோடு நாலு நிமிடம் கதைத்தேன். காலம் மாறிவிட்டது, படித்த பிள்ளைகள் வர வேண்டும், நாங்கள் வராவிட்டால் யார் வருவது என்றெல்லாம் சொன்னேன். மலர்க் குழு கேட்கிற கட்டுரையை நான் அந்த நாலு நிமிடத்தில் வாயால் எழுதிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ராத்தா கடைசியில், “நீ சொன்னாச் சரி” என்றாள். கடல் கடந்தவனுடைய சொல்லுக்கு ஊரில் இருக்கிற மதிப்பு எனக்குப் பல தடவை பயமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அப்படி இருக்கவில்லை.

ஒரு வாரத்தில் திரும்ப எடுத்தாள். “மாமா, ஒரு தாள்ல கையெழுத்துக் கேக்காங்க. இராஜினாமாக் கடிதமாம். திகதி இல்ல. வருசத்துக்கு ஒராள் மாறுறதுக்காம். போடவா?”

எனக்கு இரண்டாவது துண்டு தொடங்க மூன்று நிமிடம் இருந்தது. பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தேன்.

“எல்லாரும் போடுறதுதான். ஒரு வருசம் இருந்தாலும் இருந்ததுதானே. போடு.”

“வாசிச்சுக் காட்டவா மாமா?”

“வாணாம், எனக்கு நேரமாயிட்டு” என்றேன்.

தேர்தலில் குழுவுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று பெண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. நாலு வருடத்துக்கு நாலு பெண்கள் என்று ஹாஜியார் முறைவைத்தார். முதல் வருடம் சஹ்லாவுக்கு.

சபை மாதத்துக்கு ஒருக்கால் கூடும். யார் வேண்டுமானாலும் பின்னால் இருந்து பார்க்கலாம் என்பது விதி. அது சஹ்லாவுக்கே போன பிறகுதான் தெரிந்தது. பார்வையாளர் கதிரைகள் எங்கே என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை. களஞ்சிய அறையில், நுளம்புக்குப் புகை அடிக்கிற மெசினுக்குப் பின்னால் பத்துக் கதிரை தூசி பிடித்துக் கிடந்தது. அவளே இழுத்து வெளியே போட்டுத் துடைத்தாள்.

இரண்டாம் மாதம் அந்தப் பத்துக் கதிரையிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவளிடம் டியூஷன் படிக்கிற பெண் பிள்ளைகள் ஆறு பேர், கம்பஸ் இளந்தாரிகள் நாலு பேர். எல்லோர் கையிலும் ஓர் அப்பியாசக் கொப்பி. அவள் ஒரேயொரு கட்டளைதான் போட்டிருந்தாள். வாய் திறக்கக் கூடாது. யார் எத்தனை மணிக்கு வந்தார், என்ன கதைத்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

“மாமா, ஒரு மெம்பர் எப்பவும் கையெழுத்தப் போட்டுட்டு எழும்பிப் போயிருவாரு” என்று சொன்னாள். “இண்டைக்கி முடியுறவரைக்கும் குந்தியிருந்தாரு. அடிக்கடி திரும்பித் திரும்பிக் கொப்பியத்தான் பாக்காரு.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆறாம் மாதம் கூட்டறிக்கையில் ஒரு வரி இருந்தது. சந்தைக்குப் பக்கத்துக் கழிவுநீர்க் கான் அந்த வருடத்தில் மூன்று தரம் துப்புரவு செய்யப்பட்டதாம். பிள்ளைகள் கூட்டம் முடிந்து நேரே அங்கே போய்ப் பார்த்தார்கள். கானுக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. அதையும் கொப்பியில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்தில் சஹ்லா எழும்பி, அந்தப் பக்கத்தை அப்படியே வாசித்தாள்.

இரண்டு நாளில் ஹாஜியார் ராத்தாவிடம் ஆள் அனுப்பினார். “ஒங்கட மகள் சபைய ஸ்கூலாக்கிப் போட்டா” என்பதுதான் அவர் சொல்லி அனுப்பிய சொல்.

5

அதற்கு அடுத்த வாரம் கன்ரீனில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்னாலேயே அவளுடைய குரலும் வந்தது.

“மாமா, பாருங்க. நேத்துத் திகதியப் போட்டுத் தேர்தல் கந்தோருக்குக் குடுத்துட்டாங்க. ஒரு வருசம் எண்டுதானே சொன்ன. ஏழு மாசந்தான் ஆகுது. நான் ஒரு கடிதம் எழுதப் போறன், இது என்ட விருப்பமில்ல எண்டு. எப்பிடி எழுதுற எண்டு சொல்லித் தாங்க. நீங்க கடிதம் எழுதுற ஆள்தானே.”

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். போட்டோக்கொப்பிக்கு மேல் போட்டோக்கொப்பி அடித்து எழுத்தெல்லாம் தடித்துப் போயிருந்தது. மேலே வலது மூலையில் திகதிக்கு விட்ட இடத்தில் வேறொரு மையில் வேறொருவருடைய கை எழுதியிருந்தது. கீழே சஹ்லாவின் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் என்னுடைய இரண்டு வசனங்களும் ஒரு சொல்கூட மாறாமல் கிடந்தன.

இருபது வருடம் அதை யாரும் திருத்தவில்லை. திருத்தத் தேவைப்படவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அதன் கீழே கையெழுத்து வைத்திருப்பார்கள் என்று எண்ணப் பார்த்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன்.

“விசாரிச்சுச் சொல்றன்” என்று அவளுக்குப் பதில் போட்டேன்.

விசாரிக்க ஒன்றும் இல்லை. அவள் என்ன கடிதம் எழுதினாலும் என்னுடைய இரண்டாவது வசனம் வாசலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாசலை அடைத்தவன் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று நாள் பஸ் ஓட்டினேன். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்த மூன்று நாளும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டில் சாப்பிட்டேன், தொழுதேன், தூங்கினேன். எனக்குள்ளே ஏதாவது கொதிக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கொதிக்கவில்லை. கடையில் மூன்றாம் மாதம் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன்.

முதல் நாள் அவளிடமிருந்து ‘மாமா?’ என்று வந்தது. இரண்டாம் நாள் ‘மாமா, பிஸியா?’ என்று வந்தது. மூன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை.

6

நாலாம் நாள் நான் எடுத்தேன்.

“நானே எழுதிக் கொண்டு போனன் மாமா” என்றாள். குரலில் கோபம் இல்லை. “தேர்தல் கந்தோர்ல இருக்கிற ஐயா நல்லாத்தான் கதைச்சாரு. தங்கச்சி, நீங்க பொறகு என்ன கடிதம் குடுத்தாலும் பாக்க வேணாம் எண்டு நீங்களே எழுதிக் கையெழுத்து வெச்சிரிக்கீங்களே எண்டு விரல வெச்சுக் காட்டினாரு. வேணுமெண்டா வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போங்க எண்டாரு. கோட்டுக்குப் போக உம்மா விட மாட்டா.”

“ம்.”

“அந்த வசனத்த நான் வாசிச்சுட்டுத்தான் கையெழுத்து வெச்சன் மாமா. என்னத்துக்கு அது கெடக்கு எண்டு அப்ப விளங்கல. ஆரு எழுதினதோ, ஒரு ஓட்டையும் இல்ல.”

கன்ரீனில் யாரோ கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

“நான்தான் எழுதினன்” என்றேன்.

“எத மாமா?”

“அந்தக் கடிதத்த. உனக்கு அஞ்சு வயசு அப்ப. கல்முனைக் கடையில இருந்து அடிச்சன். அந்தக் கடைசி வசனத்த ஹாஜியார் கேக்கவுமில்ல. நானாத்தான் போட்டன்.”

அவளுடைய பக்கத்தில் ஓர் ஆட்டோ போனது கேட்டது. அது தூரத்துக்குப் போய் அடங்கியது.

“கையெழுத்துப் போடச் சொன்னதும் நீங்கதான்” என்றாள்.

“ஓம்.”

“வாசிச்சுக் காட்டவா எண்டு கேட்டன்.”

“ஓம் மகள்.”

அவள் ஏசுவாள் என்று இருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள், “சரி மாமா. உம்மாட்டச் சொல்ல மாட்டன்” என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். வெட்கம் என்று ஒன்று எனக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. காது சுட்டது. போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அதுவும் சுட்டது.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் நடந்து முடிந்துவிட்டது. சஹ்லாவின் இடத்தில் இப்போது ஹாஜியாரின் முறைப்படி இரண்டாவது பெண் இருக்கிறாள். அவளும் ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருப்பாள். சஹ்லா வீட்டில் இருந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டத்தன்று பின்னேரம் அவள் எனக்கு எடுத்தாள்.

“போனன் மாமா. பின்னால பத்துக் கதிரையும் நெறஞ்சிட்டு. எனக்கு எடமில்ல. சுவரோட நிண்டுதான் எழுதினன்.”

“ஒருத்தரும் ஒண்டும் சொல்லலயா?”

“என்ன சொல்லுற? பாக்க வாறதுக்கு இராஜினாமாக் கடிதம் இல்லத்தானே.”

7

மலர்க் குழுவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். சபைக்குப் போங்கள். வெல்லாவிட்டாலும் போங்கள், பின்னால் பத்துக் கதிரை கிடக்கிறது. ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒருநாள் உங்களை உள்ளே வரச் சொல்லியும் கூப்பிடுவார்கள். அப்போதும் போங்கள். கூப்பிடுகிற ஆளின் கையில் ஒரு தாள் இருக்கும். அதை எழுதியவன் நான். அதில் உள்ள இரண்டு வசனங்களையும் மேலே முழுதாகத் தந்திருக்கிறேன், கண்டால் அடையாளம் பிடிப்பதற்காக. அதன் கீழே கையெழுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டு மாமாமார் யாராவது எல்லோரும் போடுவதுதான் என்று சொன்னால், வாசித்துக் காட்டாமல் விடாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமானால் பஸ் போகட்டும்.

அனுப்புவதற்கு முன் இதை முழுக்க சஹ்லாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். இந்தத் தரம் நானாகவே வாசிக்கவா என்று கேட்டேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

“உம்மாக்குத் தெரிஞ்சிருமே” என்றாள்.

“தெரியட்டும்.”

“ஹாஜியாருக்கும் தெரிய வரும்.”

“தெரியட்டும்.”

“ஒங்கட பேரப் போடுவீங்களா?”

“முழுப் பேரும் போடுறன்.”

“திகதியையும் போடுங்க மாமா” என்றாள்.

போட்டேன்.